கல்லுக்கு இந்தப் பக்கம்

கல்லுக்கு வெள்ளையடிக்கப் பெயின்ட்டைவிடச் சுண்ணாம்புதான் நல்லது. பெயின்ட் மூன்று வருடம் நிற்கும் என்று கடைக்காரர் சொல்வார். அவருக்கு டப்பா விற்றாக வேண்டும். சுண்ணாம்பு ஒரே மழைக்காலத்தில் பாதி கரைந்துவிடும். அதுதான் அதில் உள்ள நன்மை. வருடா வருடம் ஒவ்வொரு கல்லிடமும் போய்க் குனிந்தாக வேண்டும். குனிந்தால்தான் பக்கத்தில் மண் வெடித்திருக்கிறதா, விளிம்பு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும்.

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டீர்கள். எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கல்லைப் பற்றித் தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

கடலோர மேட்டின் விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதைக்கு நான் பத்தொன்பது வருடமாகக் காவலாள். ஆறு கிலோமீட்டர், இருநூற்றுப் பதினான்கு கற்கள். நடக்க வருகிறவர்கள் என்னைக் கல்லுக்காரர் என்பார்கள். மேடு முழுக்க மண்தான். நாலு மாடி உயரம். கீழே அலை அடித்து அடித்து அடிமண்ணைக் குடைந்துவிடும். மேலே புல் பசேலென்று இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. எது நிலம், எது வெறும் புல் என்று பார்வைக்குத் தெரியாது. நான் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பேன். மண் கெட்டியாக இருந்தால் ‘டொக்’ என்று கேட்கும். குடைந்திருந்தால் ‘தொம்’ என்று கேட்கும். தொம் கேட்கிற இடத்துக்கு மூன்று தப்படி உள்ளே தள்ளிக் கல்லை வைப்பேன். வருகிறவர்களிடம் சொல்வது ஒரே வாக்கியம்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் நடந்தால் பயமில்லை.

கற்களை நகர்த்துவதற்கும் ஒரு காலம் இருக்கிறது. மழை ஓய இரண்டு வாரம் இருக்கும்போது நகர்த்த வேண்டும். வருடம் முழுக்கக் கல் உட்கார்ந்திருந்த இடத்தில் புல் வெளுத்து வட்டம் வட்டமாகக் கிடக்கும். மீதி மழையில் அது பச்சை பிடித்துவிடும். போன வருடம் கல் எங்கே இருந்தது, இந்த வருடம் எங்கே இருக்கிறது என்று ஜனங்கள் பார்த்துப் பார்த்து பயப்படக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நான் கல்லைத் தூக்கி வைப்பேன், என் அக்கா பின்னாலேயே சுண்ணாம்பு வாளியோடு வருவாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. வருடத்தில் அந்த நான்கு நாள்தான் எங்களுக்குச் சுற்றுலா.

பத்தொன்பது வருடத்தில் அந்தப் பாதையிலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பெரிய ஆட்கள் நேரில் வர மாட்டார்கள். முளைக்குச்சிகள்தான் முதலில் வரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, பாதை நெடுகச் சின்னச் சின்ன மரக்குச்சிகள் அடித்திருந்தன, தலையில் சிவப்பு ரிப்பன் கட்டி. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “உனக்குத் தெரியாதா? இருநூறு ரூம் கட்டப் போறாங்களாம். கடல் பாத்த மாதிரி பால்கனியாம்,” என்றார். அந்த மேட்டில் இருநூறு அறை கட்டினால் பாதை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் கூர்க்கா நிற்பார், பாதை அவர்கள் தோட்டத்துக்குள் போய்விடும்.

குச்சிகளைப் பிடுங்கினேன். அறுபத்துமூன்று. வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தோம். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, விறகெல்லாம் இவ்வளவு லட்சணமா இருக்கு,” என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்று வெந்நீர் நல்ல சூடு.

பிறகு ஓட்டல்காரரின் ஆள் ஒருவர் வந்தார். பளபளவென்று தோல் செருப்பு. கடற்கரைக்கு இறங்க வழி எது என்று கேட்டார். படிக்கட்டைக் காட்டினேன். நடுவில் ஒரு படியின் மண் கரைந்து பலகை ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தேன். அவர் கணுக்காலை முறித்துக்கொண்டார். படி ஆடுகிறதா என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாளே பலகையைச் சரிசெய்துவிட்டேன். அதன் பிறகு அவர்கள் வரவில்லை. நகராட்சியில் யாரோ ஓட்டல்காரரின் மனுவைக் கிடப்பில் போட்டதாகச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. வந்த வழி அடைபட்டால் இப்படிப்பட்டவர்கள் வேறு வழியாக வருவார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அதனால்தான் அளவைக்காரர் வந்தபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்தேன் என்று சொல்லச் சொல்கிறீர்கள். சரி, அப்படியே எழுதுங்கள்.

வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. அக்கா அதை வாடகைக்கு விடுவாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது குண்டாக ஒருவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கால் வைத்த அளவைக் கருவி. ஒரு மாதம் தங்க வேண்டுமாம். எதை அளக்கிறார் என்று கேட்டேன். “மேட்டைத்தாங்க.” யாருக்காக என்று கேட்டேன். சிரித்தார். “அறிக்கை முடியற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

எப்படி எடுத்துக்கொள்வது? மடியில் ஒன்றும் இல்லாதவர் எதற்கு மூடி மறைக்க வேண்டும்? அவருடைய பையிலும் முளைக்குச்சிகள் இருந்தன. அதே நீளம், அதே சிவப்பு ரிப்பன். எல்லா அளவைக்காரர்களும் அதே ரிப்பனைத்தான் கட்டுவார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

மனிதர் இனிமையானவர்தான். அதுவே எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஆறு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அடியில் ஒரு பாத்திரம் வைத்திருந்தேன். அவர் வந்த மூன்றாம் நாள் பத்து நிமிடத்தில் அதைச் சரிசெய்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. அக்கா அன்றிலிருந்து அவரைத் ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். தட்டில் அவருக்குத்தான் முதலில் விழும். எனக்குத் தெரிந்து அவள் தம்பி என்று கூப்பிட்ட ஆள் நான் ஒருவன்தான், அதுவும் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால். பிறகு எப்போதும் ‘டேய்’தான். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. ஒருவர் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறார் என்று கவனிப்பது என் வழக்கம்.

மூன்று வாரம் அவரைக் கவனித்தேன். காலை ஆறு மணிக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நான் அரை கிலோமீட்டர் பின்னால் போவேன். கருவியை நிறுத்தி, கண்ணை வைத்து, குறித்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போவார். நடுவில் பறவைகளைப் பார்த்து விசில் அடிப்பார். ஒருமுறை திரும்பிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை. “துணைக்கு வந்தீங்களா? நல்லதாப் போச்சு,” என்றார். எனக்கு டீ கொடுத்தார், அவருடைய பிளாஸ்க்கிலிருந்து. அக்கா போட்டுக் கொடுத்த டீ.

அன்று அவர் என் கடப்பாரையைப் பார்த்து எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். தட்டிக் காட்டினேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். டொக்குக்கும் தொம்முக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. நான் உங்க கல்லையே நம்பிக்கிறேங்க. கல்லு இருக்கிற வரைக்கும் எனக்கென்ன பயம்?” என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குள் எந்த எண்ணமும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். எண்ணம் அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது.

பாதையின் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. என் காவல் குடிசைக்கு நாற்பது தப்படி தூரம். அங்கே மேடு கடலுக்குள் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பாதையிலேயே அழகான இடம் அதுதான். பாதையிலேயே மோசமான இடமும் அதுதான். அந்த வளைவில் ஏழு கற்கள். அங்கிருந்து பார்த்தால் மேடு முழுவதும் தெரியும் என்பதால், அளவைக்காரர் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை அங்கே ஒரு மணி நேரம் கருவியை நிறுத்தினால் வேலை முடிந்தது என்று திங்களன்று சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார். வேலை முடிந்தால் அறிக்கை போகும். அறிக்கை போனால் இருநூறு பால்கனிகள் வரும். நான் கணக்குப் போட்டது அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஏழு கற்களையும் வெளிப்பக்கம் நகர்த்தினேன். மூன்று தப்படி. மழைக்குப் பிறகு அலை அந்த மூன்று தப்படிக்கும் அடியில் குடைந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை வருடம் உள்ளே உள்ளே நகர்த்தியவனுக்கு வெளியே நகர்த்துவது கைக்குப் பழக்கமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். பாதையின் இரண்டு முனையிலும் ‘வேலை நடக்கிறது, வழி இல்லை’ என்று பலகை வைத்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது இல்லையா? நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

இப்போது நீங்கள் புதன்கிழமையைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். அக்கா ஏற்கெனவே சொல்லியிருப்பாள். நான் காலையில் கொடுத்த வாக்குமூலத்தில் புதன்கிழமையை விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அதைப் பூசி மெழுகுவதில் இனி அர்த்தமில்லை.

புதன்கிழமை மதியம் அவர் சாப்பாட்டு மேஜையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு ஒரு வரைபடத்தை விரித்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, இனிமே சொல்லலாம். மேலிடத்துல அனுமதி குடுத்துட்டாங்க,” என்றார். பச்சை மையால் ஒரு பெரிய பட்டை தீட்டியிருந்தது, சாலையிலிருந்து கடல் வரைக்கும். அந்தப் பச்சைக்குள் ஒரு செங்கல் வைக்க முடியாதாம். ஓட்டலும் முடியாது, வீடும் முடியாது, டீக்கடையும் முடியாது. சட்டமாகவே வரப்போகிறதாம். முன்கூட்டித் தெரிந்தால் ஓட்டல்காரர் வழக்குப் போட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் காதும் காதும் வைத்தாற்போல் செய்தார்களாம். அக்கா எழுந்து நின்று கையைத் தட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர். “டேய், பாத்தியாடா? உன் மேடு தப்பிச்சுது,” என்று என் முதுகில் அடித்தாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அரை நிமிடம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த அரை நிமிடத்தில் நான் எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கற்களைத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு வரைபடத்தில் பாதையைத் தேடினேன். விளிம்பில் அது இல்லை.

“பாதை எங்க?” என்றேன்.

அவர் விரலை வைத்துக் காட்டினார். சாலையை ஒட்டி, முள்புதருக்குப் பின்னால் ஒரு புள்ளிக்கோடு. “இங்க மாத்திருக்கேங்க. விளிம்பு ரொம்ப அரிக்குது. இன்னும் பத்து வருஷத்துல உங்களுக்குக் கல்லு வைக்கவே இடம் இருக்காது. மனுஷன் கால் படாம விட்டுட்டா பறவையாவது நிம்மதியாக் கூடு கட்டும்.”

“அங்கேர்ந்து கடல் தெரியுமா?”

“தெரியாது. சத்தம் கேக்கும்.”

“அப்ப கல்லு?”

“கல்லு எதுக்குங்க?” என்று சிரித்தார். “அங்கதான் விழறதுக்கு இடமே இல்லையே.”

நான் சாப்பிட்டு முடித்தேன். என் தட்டைக் கழுவி வைத்தேன். அது என் வழக்கம்.

பிற்பகலில் வளைவுக்குப் போனேன். கடப்பாரையோடுதான் போனேன். ஏழு கற்கள், இருபது நிமிட வேலை. இடுப்பு வலியால் முடியவில்லை என்று உங்களிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இடுப்பில் ஒரு வலியும் இல்லை. முதல் கல்லைப் பெயர்த்துத் தூக்கினேன். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கீழே அலை அடிப்பது தெரிந்தது. அங்கே நின்றால் கடல் கண்ணுக்கு முன்னாலும் இருக்கும், காலுக்குக் கீழேயும் இருக்கும். கடல் தெரியாத இடத்தில் போகிற கோட்டுக்குப் பாதை என்று பெயர் வைத்துவிட்டு அதைக் காப்பாற்றினேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்வதை நினைத்துப் பார்த்தேன். கல்லைத் திரும்பவும் அதே இடத்தில், வெளியே, வைத்தேன். நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தேன்.

வியாழக்கிழமை நான் குடிசைக்குள் இருந்ததாகவும் சத்தம் கேட்டு ஓடி வந்ததாகவும் சொன்னேன். உங்களுக்கு ஃபோன் செய்ததும் நான்தான். நீங்கள் வந்து என் தோளில் கை வைத்து, “மனசத் தளர விடாதீங்க பெரியவரே,” என்றீர்கள். அதற்கு நன்றி. ஆனால் நான் குடிசைக்குள் இல்லை. அவர் பக்கத்தில்தான் இருந்தேன். பலகையைத் தள்ளி வழி விட்டு, கருவிப் பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் மூன்று கால்களையும் விரித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இங்க நிக்கலாமாங்க?”

“கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னா பயமில்ல,” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக எல்லோரிடமும் சொல்கிற அதே வாக்கியம். கையை ஓங்கவில்லை, தள்ளவில்லை. பத்து தப்படி பின்னால் வந்து நின்றேன். அவர் இருபத்தைந்து நிமிடம் அளந்தார். நான் நினைத்ததைவிட அதிகம். ஒரு கட்டத்தில் மண் தாங்கிவிடுமோ என்றுகூடத் தோன்றியது. அவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார், எந்தப் பறவை என்று நான் பார்க்கவில்லை. பிறகு விசில் நின்றது. இரண்டு கற்களும் அவரோடு போயின.

என்னைப் பிடிக்க ஒன்பது நாள் ஆனது உங்களுக்கு. அந்த ஒன்பது நாளைப் பற்றிக் கேட்கும்போதுதான் உங்கள் குரல் மாறுகிறது. எனக்கும் அது சுலபமான ஒன்பது நாள் அல்ல.

மீதி ஐந்து கற்கள் வெளியேதான் இருந்தன. நீங்கள் அன்றே படம் எடுத்துவிட்டீர்கள். இனி நகர்த்தினால் படம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நாளில் உங்கள் மஞ்சள் நாடா காற்றில் பிய்ந்துபோனது. நகராட்சிப் பொறியாளர் வந்து, “இடிஞ்சது இடிஞ்சு போச்சு. மீதி எப்படியிருக்கு? நீங்க சொன்னா சரி,” என்றார். கடப்பாரையால் தட்டினேன். தொம் தொம் என்று கேட்டது. அவருக்கும் வித்தியாசம் தெரியாது. மீதி கெட்டிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மோசம் என்று சொல்லியிருந்தால், அப்புறம் ஏன் கல் அங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார். அதோடு, பாதையை மூடியும் விடுவார்கள். ஒருமுறை மூடினால் திறக்க மாட்டார்கள்.

நடந்து போகிறவர்கள் நிற்பதில்லை. கனமான கருவியை ஊன்றி இருபத்தைந்து நிமிடம் நிற்பதில்லை. அதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். குடிசை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் நாற்பத்தொரு பேர். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் போனார். நான் ஒருவரையும் கண்ணிலிருந்து விடவில்லை. அவ்வளவு கவனமாக நான் காவல் காத்ததே இல்லை.

ஒன்பதாம் நாள் அக்கா வந்தாள். தம்பி விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தேன். அவளே தனியாகக் கிளம்பிவிட்டாள், எதிர்முனை வழியாக. நான் பெஞ்சிலிருந்து பார்த்தபோது அவள் வளைவில் இருந்தாள். இடிந்த இடத்தை எட்டிப் பார்ப்பதற்காகக் கல்லோரமாக, கல்லுக்கு இந்தப் பக்கமாக, மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தாள். கல்லை நம்பித்தான் போனாள். அவள் கையால் சுண்ணாம்பு அடித்த கல்.

கூப்பிட்டிருக்கலாம். நாற்பது தப்படி, கேட்கும். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அங்கே நிற்காதே என்றால், ஏன் என்று கேட்பாள். அவள் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் பதில் கிடைக்கும்வரை விட மாட்டாள். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவள் விழவில்லை. செருப்பில் ஏதோ பருக்கைக்கல் மாட்டியிருக்க வேண்டும். எடுப்பதற்காகப் பாதைப் பக்கம் திரும்பி வந்து குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்து புல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு தப்படி தள்ளி இன்னொரு இடத்தில் தடவினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது மழைக்காலம் இல்லை. கல் இருந்த இடத்தில் வெளுத்த வட்டங்கள் பச்சை பிடிக்காமல் அப்படியே கிடந்தன, கற்களுக்கு மூன்று தப்படி உள்ளே, வரிசையாக. உங்கள் ஆட்கள் அத்தனை பேர் மிதித்துக்கொண்டு நின்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றிவிட்டது. பத்தொன்பது வருடம் வாளியோடு என் பின்னால் வந்தவள் அவள் ஒருத்திதானே.

என்னிடம் வந்தாள். புல்வழியாக, உள்பக்கமாகவே நடந்து வந்தாள். மூச்சு வாங்கியது.

“டேய், கல்ல எப்ப நகத்தின?”

“எப்பவும்போல மழைக்குத்தான்.”

“மழைக்கு நகத்தியிருந்தா புல்லு மூடியிருக்குமே.”

அவள் வளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் அங்க நின்னேன். நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டவுன் பக்கம் நடந்தாள். உங்களிடம்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சமையலறைக் குழாயில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

அவள் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள் என்கிறீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். அவள் குணம் அப்படி. கோபம் ஆற நாளாகும்.

அறிக்கை முடியாமல் நின்றுபோனதால் பச்சைப் பட்டைத் திட்டம் தள்ளிப்போய்விட்டது, ஓட்டல்காரர் மறுபடி மனுப் போட்டிருக்கிறார் என்கிறீர்கள். நான்தான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன் என்று சொல்ல வருகிறீர்கள். எனக்கு அது புரியாமல் இல்லை. அந்த மேட்டை இரண்டு பேர் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஒருவர் கட்டடம் கட்ட, ஒருவர் சும்மா விட. இரண்டிலும் நான் நடக்க இடமில்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிரிப்பது உங்கள் வேலை.

ஆம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். செவ்வாய்க்கிழமை தெரியாமல் செய்தேன் என்று வைத்துக்கொண்டாலும், புதன்கிழமை தெரிந்தே விட்டுவைத்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் முதல் பக்கத்தில் நான் அடிக்கோடு போடச் சொன்ன வரியை நீங்கள் இப்போது அடிக்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. அடிக்காதீர்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். கற்கள் முறைப்படி இருக்க வேண்டிய இடம் அந்த வெளுத்த வட்டங்கள்தான். அதுதான் உண்மையான கோடு. அளவைக்காரர் நின்றது அந்தக் கோட்டுக்கு வெளியே. என் காலத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நடந்தவர் ஒருவர்கூட விழுந்ததில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.